மேப்பு சரியில்லைங்கறாங்களா? ஆரம்ப எடத்துல கோளாறு எங்கன்னு கண்டுபுடிக்கற வழி

ஞாயித்துக்கெழம ராத்திரி ஒம்பது மணிக்கு மேல எங்க செட்டு ஆட ஒக்காரும். திருப்பூர் பனியன் கம்பெனி ஆளுக ரண்டு பேரு, பொள்ளாச்சி அண்ணன் ஒருத்தரு, பெருந்துறைல இருந்து ஒரு தம்பி, கோயமுத்தூர்ல நானு. கட்டம் கட்டமா இருக்கற மேப்புல டர்ன் டர்ன்னா படைய நகத்தி எடம் புடிக்கற வீடியோ கேமுக தான் நாங்க ஆடறது. பெரும்பாலும் அன்சிவ் தான், ஃபோன்லயே ஓடும் காசும் கேக்காது, எல்லாருக்கும் கம்ப்யூட்டர் கெடச்ச அன்னிக்கு சிவிலைசேஷன் 6 (சுருக்கமா சிவ் 6) இல்லாட்டி ஃப்ரீசிவ், மத்தவங்க வராம ரண்டே பேரு மிஞ்சுனா வெஸ்னாத். மேப்பு போடறது நானு, அதனால வசவு வாங்கறதும் நானே. டர்ன் பத்து தாண்டறதுக்குள்ள "ஏனுங்ணா, எனக்குன்னு மட்டும் எங்கிருந்துங்க இப்படி எடத்த புடிக்கறீங்க"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துரும்.

திட்டு வாங்கி வாங்கியே ஒரு வரிசை புடிபட்டுருச்சு. புகார் எப்படி வருதோ அப்படியே தலைப்பா போட்டிருக்கேன், ஒவ்வொண்ணுலயும் செலவில்லாத வைத்தியம் மொதல்ல, மெனக்கெடற வைத்தியம் கடைசீல. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லீர்றேன், எடம் பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கோணும்னு அவசியமே இல்லீங்க, மொத இருபது டர்ன்ல ஆளாளுக்கு செய்ய முடியற வேல ஒரே அளவா இருந்தாப் போதும். காங்கேயம் பக்கம் கொறங்காட்டுல நெல்லு வெளையாது, ஆனா மாடு மேயும், அந்த மாட்ட வெச்சே பொழச்ச குடும்பம் எத்தனையோ இருக்குது. மேப்புலயும் அதே கணக்கு தான்.

கை வெக்கறதுக்கு முன்னாடி

மொதல் டர்ன் சேவ் ஃபைல தனியா எடுத்து வெச்சுக்கோங்க. மேப் செட்டிங்க ஒரு ஸ்க்ரீன்ஷாட், சீட் நம்பர் (அதே மேப்ப மறுபடி வரவெக்கற எண்) இருந்தா அதையும் எழுதி வெச்சுக்கோங்க. இது இல்லாம ஆட்டம் முடிஞ்ச பொறகு "அன்னிக்கு உனக்கு ஆத்தங்கரை வந்துச்சு"ன்னு ஆரம்பிச்சா விடிய விடிய அக்கப்போரு தான், யாரு சொல்றது நெசம்னு பாக்க வழியே இருக்காது.

புகார் எந்த டர்ன்ல வந்துச்சுங்கறதும் முக்கியம். டர்ன் 5-க்குள்ள வந்தா நெலத்துல கோளாறு. டர்ன் 30, 40-ல வந்தா கண்ணுக்குத் தெரியாத சரக்குல, அதாவது இரும்புலயோ குதிரைலயோ. மொத சண்ட முடிஞ்ச ஒடனே வந்தா தூரத்துலயோ டர்ன் வரிசைலயோ. ஆட்டம் தோத்ததுக்கப்பறம் வந்தா அனேகமா ஆட்டக்காரர்கிட்டயே. முக்காவாசி புகார் இந்த ஒரு கேள்வியிலயே பிரிஞ்சுரும்.

புகார் 1: "எனக்கு மட்டும் ஒண்ணுமில்லாத எடம்"

*டர்ன் 5-க்குள்ள சொன்னா*

மொதல்ல செட்டிங்க பாருங்க. சிவ் 6-ல ஸ்டார்ட் பொசிஷன்னு ஒரு எடம் இருக்குது, அதுல பேலன்ஸ்டு போட்டீங்களா இல்ல ஸ்டாண்டர்டுலயே உட்டுட்டீங்களா? அன்சிவ்ல ரிசோர்ஸ் செட்டிங்குல ஸ்ட்ராட்டஜிக் பேலன்ஸ் இருக்குது, லெஜெண்டரி ஸ்டார்ட்டும் இருக்குது. லெஜெண்டரின்னா எல்லாருக்கும் அள்ளிக் குடுக்கும், ஆனா எல்லாருக்கும் அள்ளிக் குடுத்தா சமமாயிரும்னு நெனைக்காதீங்க, ஒருத்தனுக்கு ரண்டு படி இன்னொருத்தனுக்கு மூணு படின்னு தான் வரும். இது நான் பல தடவ பட்டது. சமம் வேணும்னா பேலன்ஸ்டு தான்.

செட்டிங் சரின்னா அடுத்து எடத்த எண்ணோணும். இங்க தான் எல்லாரும் தப்பு பண்றாங்க. சிவ் 5, சிவ் 6, அன்சிவ் மூணுலயும் ஒரு ஊரு மூணு வளையம் வரைக்கும் வேல வாங்கும், நடுக்கட்டத்தோட சேத்து 1, 6, 12, 18, ஆக மொத்தம் 37 கட்டம். அந்த 37-யும் கூட்டி அவரேஜ் போட்டு "பாரு ரண்டு பேருக்கும் ஒண்ணு தான"ம்பாங்க. டர்ன் இருபதுல ஊருல இருக்கறதே மூணோ நாலோ பேரு தான், அவங்க மூணு நாலு கட்டத்துல தான் வேல செய்வாங்க, மிச்ச முப்பத்திச்சொச்சம் கட்டத்துல தங்கமே கொட்டிக் கெடந்தாலும் அன்னிக்கு அது சும்மா. அதனால மொத வளையத்துல இருக்கற ஆறு கட்டத்துல நல்லதா மூண மட்டும் எடுங்க.

போன மாசம் நடந்த ஒரு ஆட்டத்தயே சொல்றேன், அன்சிவ், சிவ் 5 விதி. பெருந்துறைத் தம்பிக்கு மொத வளையத்துல புல்வெளி மேல கோதும ஒண்ணு, புல்வெளி மேல மாடு ஒண்ணு, ஒரு குன்று. கோதும கட்டம் 3 சோறு, மாட்டுக் கட்டம் 3 சோறு, குன்று 2 உற்பத்தி. பொள்ளாச்சி அண்ணனுக்கு வடக்குக் கோடியில பனிக்காடு, ஒரு மான் காடு 2 சோறு 1 உற்பத்தி, சும்மா காடு ரண்டு, ஒவ்வொண்ணும் 1 சோறு 1 உற்பத்தி. கூட்டிப் பாத்தா தம்பிக்கு 8, அண்ணனுக்கு 7. ஒண்ணு தான வித்தியாசம், இதுக்கா கத்தறீங்கன்னு நானும் கேட்டேன். அப்பறம் ஒக்காந்து சோத்துக் கணக்க தனியா போட்டேன். ஊரு நடுக்கட்டம் எப்படியும் 2 சோறு 1 உற்பத்தி குடுத்துரும், ஒரு ஆளு 2 சோறு திம்பான், மூணு ஆளு 6. தம்பிக்கு 2-ம் 6-ம் எட்டு, தின்னது போக 2 மிச்சம், ஊரு வளருது. அண்ணனுக்கு 2-ம் 4-ம் ஆறு, தின்னது போக சைபர். ஊரு அங்கயே நின்னு போச்சு. உற்பத்தில அண்ணனுக்கு 4, தம்பிக்கு 3, அந்த ஒண்ண வெச்சுட்டு என்ன பண்றது, செட்டிலர் (புது ஊரு வெக்கப் போற ஆளு) செய்ய ஆரம்பிச்சா ஊரு வளராதுங்கறது வேற கத, இங்க ஏற்கனவே வளரல. அண்ணன் கத்துனது ஞாயந்தான். சோறு தனி, உற்பத்தி தனி, ரண்டையும் ஒட்டுக்கா கூட்டவே கூடாது.

தண்ணியையும் பாருங்க. சிவ் 6-ல ஆறு ஏரி ஒட்டி ஊரு வெச்சா வீட்டு எண்ணிக்க 5-ல ஆரம்பிக்கும், கடலோரம்னா 3, எதுவும் இல்லாத வறண்ட எடம்னா 2. கோதும மாடெல்லாம் சரியா இருந்தும் ஒருத்தர் மட்டும் பின்தங்கறாருன்னா பெரும்பாலும் இதாத்தான் இருக்கும்.

சரி, கோளாறு நெசம்னு தெரிஞ்சு போச்சு. என்ன பண்ணலாம்?

காசில்லாத வைத்தியம், மறுபடி போடறது. எங்க செட்டுல டர்ன் 3 முடியறதுக்குள்ள யாராச்சும் கேட்டு, பாதிக்கு மேல ஆளுக ஒத்துக்கிட்டா ஒரே ஒரு தடவ மேப்ப மாத்திப் போடுவோம். ஒரே ஒரு தடவ தான், இல்லாட்டி பதினொரு மணி வரைக்கும் மேப்பு மட்டும் தான் போட்டுட்டு இருப்போம், அடுத்த நாளு வேலைக்குப் போகோணுமில்லீங்களா.

அதுக்கு அடுத்தது, ஊரு வெக்கறதுக்கு நேரம் குடுக்கறது. எல்லாரும் டர்ன் 3-ல தான் மொத ஊரு வெக்கோணும்னு பேசி வெச்சுக்கிட்டா, மோசமான எடத்துல எறங்குனவரு ரண்டு டர்ன் நடந்து நல்ல எடம் பாத்துக்கலாம், அதுக்காக அவருக்கு நட்டம் வராது. ரொம்ப சின்ன விஷயம், ஆனா எங்க சண்டைல பாதிய இது தான் கொறச்சுச்சு.

அதும் பத்தலையா, ஏலம் உடுங்க. ஈரோட்டு மஞ்ச மண்டி மாதிரி தான், மேப்ப எல்லாருக்கும் தொறந்து காட்டீட்டு, எந்த எடம் வேணும் அதுக்கு எத்தன டர்ன் சும்மா ஒக்காந்திருப்பேன்னு கேக்க சொல்லுங்க. "ஆத்தங்கரைக்கு நான் ரண்டு டர்ன்", "நான் மூணு". மூணு கேட்டவரு மூணு டர்ன் செட்டிலர நகத்தாம வெச்சிருக்கோணும். இதுக்கு எந்த கேமுலயும் தனியா செட்டிங் தேவையில்ல, ஏமாத்துனா ஒடனே தெரிஞ்சுரும். விலைய நீங்க வெக்கல அவரே கேட்டாரு, அதனால பொறகு பொலம்பவும் முடியாது.

நாலாவது, எடிட்டர். அன்சிவ்ல மேப் எடிட்டர்ல மேப்ப உருவாக்கி, ஆரம்ப எடத்த நாமளே வெச்சு, கொறச்சலா இருக்கற எடத்துல ஒரு மானோ ஒரு கோதுமையோ சேத்து சேவ் பண்ணீட்டு அதுல ஆட்டத்த ஆரம்பிக்கலாம். அண்ணனோட பனிக்காட்டுல அந்த சும்மா காடு ரண்டுலயும் மான உட்டிருந்தா ஒவ்வொண்ணும் 2 சோறு ஆயிருக்கும், சோத்துக் கணக்கு தம்பிக்கு சமம். ஆனா ஒண்ணு, மேப்ப பாத்தவன் எல்லாத்தையும் பாத்துருவான், இரும்பு எங்க இருக்குதுன்னு உட்பட. அதனால எடிட்டர்ல கை வெச்சவன் அன்னிக்கு ஆடக் கூடாது, இல்ல எல்லாருக்கும் மேப்ப காட்டீரோணும். நான் ஆடாம ஒக்காந்து வேடிக்க பாத்த ஞாயித்துக்கெழமைக நெம்ப.

கடைசியா, கண்ணாடி மேப்பு. அன்சிவ் எடிட்டர்ல மிரரிங்னு இருக்குது, ஒரு பாதிய இன்னொரு பாதில அப்படியே திருப்பிப் போடும், நாலாவும் மடிக்கலாம். ஃப்ரீசிவ்ல இன்னும் சுலுவு, ஜெனரேட்டர் செட்டிங்குல ஃபேர்னு போட்டா ஆளுக்கொரு தீவு ஒரே அச்சுல வார்த்துக் குடுத்துரும். கண்ணாடி மேப்பு சண்டைய ஒரேயடியா நிறுத்தும், ஆனா எனக்குப் புடிக்கறதில்ல, எதிராளி எடம் நம்ம எடம் மாதிரியே தான்னு தெரிஞ்சா தேடிப் போறதுல என்ன சொகம் இருக்குது. போட்டி ஆட்டம்னா போடுங்க, ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு வேண்டாம்.

*டர்ன் 30, 40-ல சொன்னா*

"இரும்பே இல்லீங்க". சிவ் 6-ல வெண்கலம் கத்துக்கிட்டாத்தான் இரும்பு மேப்புல தெரியும், அன்சிவ்ல இரும்பு வேலைய கத்துக்கோணும். குதிரைக்கு மாடு வளக்கற வித்தை. அது வரைக்கும் யாருக்கும் தெரியாது, அதனால ஆரம்பத்துல யாரும் கத்தவும் மாட்டாங்க.

மொதல்ல, நெசமாவே இல்லையா இல்ல ரண்டாவது ஊரு வெக்காமயே கேக்கறாரான்னு பாருங்க. தலைநகருல இருந்து அஞ்சாறு கட்டத்துக்குள்ள இருந்தா அது இருக்கற மாதிரி தான், போயி ஊரு வெச்சுக்க வேண்டியது அவரு வேல. பத்து கட்டத்துக்கும் இல்லீன்னா செட்டிங் பாருங்க, ஸ்ட்ராட்டஜிக் பேலன்ஸ் போடாம உட்டிருப்பீங்க. போட்டும் இல்லீன்னா இரும்பு இல்லாதவருக்கு குதிரை இருக்குதான்னு பாருங்க, ரண்டுல ஒண்ணு இருந்தா சமாளிச்சுக்கலாம். ரண்டுமே இல்லீன்னா அந்த ஆட்டத்துல இரும்பு வாளுக்காரன யாரும் செய்யக் கூடாதுன்னு பேசி முடிவு பண்ணலாம், ஆனா நடு ஆட்டத்துல அத ஒத்துக்க வெக்கறது லேசுப்பட்ட காரியமில்ல. நான் அந்த மாதிரி ஆட்டத்த அங்கயே மூடி வெச்சுட்டு அடுத்த வாரம் புது மேப்புல ஆரம்பிச்சுருவேன்.

புகார் 2: "என்னைய நடுவுல போட்டு ரண்டு பக்கமும் இடிக்கறாங்க"

இது நெலம் நல்லாருக்கறவருக்கும் வரும். பாகம் பிரிக்கையில பாத்திருப்பீங்க, ஏக்கர் எல்லாம் சரியா இருக்கும், ஆனா ஒருத்தரு காட்டுக்கு தடம் இன்னொருத்தரு காட்டு வழியா போகும், இல்ல கெணறு அடுத்தவரு பக்கம் உழுந்துரும். அளவு சரி, ஆனா பொழப்பு சரியில்ல.

தூரத்த கட்டமா எண்ணாதீங்க, டர்ன்னா எண்ணுங்க. எட்டு கட்டம் சமவெளின்னா ரண்டு கட்டம் நடக்கற போர்வீரன் நாலு டர்ன்ல கதவத் தட்டுவான், அதே எட்டு கட்டம் காடும் குன்றுமா இருந்தா எட்டு டர்ன். ரண்டு பேருக்கும் எட்டு கட்டம் தான்னு சொல்லி சமாதானம் பண்ண முடியாது.

அடுத்து, பக்கத்து வீட்டுக்காரங்க எத்தன பேரு? மூலைல இருக்கறவருக்கு ரண்டு பக்கம் கடலு, காவல் ஒரு பக்கம் போட்டாப் போதும். நடுவுல இருக்கறவரு ரண்டு பக்கமும் படைய நிறுத்தோணும். பாஞ்சீயா (எல்லாரும் ஒரே பெரிய கண்டத்துல) மேப்புல மூணு பேரு ஆடுனா இது அடிக்கடி வரும். மொதல்ல வேர்ல்டு ராப் போட்டுப் பாருங்க, மேப்போட கெழக்கும் மேக்கும் ஒட்டிக்கும், பக்கவாட்டு மூலைங்கறதே இல்லாம போயிரும். நாலு பேருன்னா ஃபோர் கார்னர்ஸ் மாதிரி ஆளுக்கொரு மூலை குடுக்கற மேப்பு போடுங்க. ரண்டும் சரிப்படலீன்னா நடுவுல இருக்கறவருக்கு எடம் அதிகமா குடுங்க, அதாவது சண்டைக்குப் போகாமலே எத்தன ஊரு வெக்கலாம்னு எண்ணி மூலைக்காரருக்கு மூணுன்னா நடுவுக்காரருக்கு நாலு. இத எடிட்டர்ல கடல நெரவித் தான் செய்யோணும், அர மணி நேர வேல.

அதுக்கும் மேல தீத்து வெக்கறதா இருந்தா ஃப்ரீசிவ் ஃபேர் தீவு தான். ஆனா தீவுல உட்டா கப்பல் வர்ற வரைக்கும் யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க, பாதி ராத்திரி ஆளாளுக்கு தனியா வெள்ளாம பண்ணீட்டு இருப்பாங்க. எங்க திருப்பூர் ஆளு ஒருத்தரு அதுல தூங்கியே போயிட்டாரு.

புகார் 3: "மொதல்ல ஆடறவனே ஜெயிக்கறான்"

ரண்டு பேரு ஆடற ஆட்டத்துல இது நெசமாவே இருக்கற கோளாறு, கற்பனையில்ல. ஆனா மொதல்ல எண்ணுங்க. ரண்டு சமமான ஆளுக அஞ்சு ஆட்டம் ஆடுனா அஞ்சையும் ஒரே பக்கம் ஜெயிக்கறது சும்மா அதிர்ஷ்டத்துலயே 16-ல ஒரு தடவ நடக்கும். நாலு பேரு ஆட்டத்துல ஒரே எடத்துக்காரரு வரிசையா மூணு ஜெயிக்கறதும் அதே 16-ல ஒண்ணு தான். ரண்டு ஆட்டம் தோத்துட்டு வந்து மேப்ப மாத்துன்னா மாத்தாதீங்க.

*ரண்டு பேருன்னா*

மொத வைத்தியம் ஆடுபுலி ஆட்டத்துல நம்ம பாட்டன் பூட்டன் பண்ணுனது தான். பதினஞ்சு ஆடு மூணு புலி, ரண்டும் சமமான்னு யாரும் விசாரணை பண்ணல, ஒருக்கா நீ புலி ஒருக்கா நான் புலி. அதே மேப்புல எடத்த மாத்தி ரண்டு ஆட்டம். நேரம் ரண்டு மடங்கு ஆகும், ஆனா இத விட நம்பகமான சோதனை கெடையாது, ரண்டு ஆட்டத்தயும் ஒரே ஆளு ஜெயிச்சா ஆளு, ஒரே எடம் ஜெயிச்சா எடம்.

நேரமில்லையா, ஒருத்தர் கோடு போடட்டும் இன்னொருத்தர் எடுக்கட்டும். மேப்ப போட்டவரு கடைசியா எடுக்கோணும். போடறவரு தன் தலைல எதுவும் உழுந்துரலாம்னு பயந்து ஒழுங்கா போடுவாரு.

அதுக்கு மேல ஈடு குடுக்கறது. அட்வான்ஸ் வார்ஸ்ங்கற போர் கேமு ஆடறவங்க ரண்டாவது ஆளுக்கு ஆரம்பத்துலயே ஒரு காலாள் சிப்பாய சும்மா நிறுத்திக் குடுப்பாங்க. கோங்கற கல்லு வெக்கற ஆட்டத்துல ரண்டாவதா ஆடற வெள்ளைக்கு ஜப்பான்ல ஆறரை புள்ளி, சீனால ஏழரை புள்ளி, அந்த அரை எதுக்குன்னா சமன்ல முடியாம இருக்க. எவ்வளவு குடுக்கறதுன்னு கேட்டீங்கன்னா நான் பண்றது, ஒரு டர்ன் வருமானத்துல பாதி. மொத ஆளு ஆடுன ஒடனே ஒரு டர்ன் முன்னாடி இருக்காரு, ரண்டாவது ஆளு ஆடுன ஒடனே சமம், அப்ப சராசரியா அரை டர்ன் தான் முன்னாடி. முழுசா குடுத்தீங்கன்னா அடுத்த வாரம் மொத ஆளு கத்துவாரு.

வெஸ்னாத் ஆடறவங்க ஊரையும் எண்ணிக்கோங்க. அங்க கிராமத்த புடிச்சா காசும் வரும், அடிபட்டவன் அதுல ஒக்காந்தா டர்னுக்கு 8 உசுரும் ஏறும். நட்ட நடுவுல ஒத்தக் கிராமம் இருந்தா மொதல்ல ஆடறவரு தான் மொதல்ல போயி ஒக்காருவாரு. அந்த ஒண்ண எடிட்டர்ல எடுத்துருங்க, இல்ல ரண்டாக்குங்க.

*மூணு நாலு பேருன்னா*

எடம் எடுக்கற வரிசைய பாம்பு மாதிரி போடுங்க. கட்டான்ங்கற போர்டு கேமுல ரண்டு ஊரு வெக்கறப்ப 1, 2, 3, 4, அப்பறம் 4, 3, 2, 1-ன்னு திரும்பும் பாருங்க, அதே தான். கடைசில எடுத்தவருக்கு அடுத்ததும் ஒடனே கெடைக்குது. ஒரே ஒரு எடம் தான் எடுக்கறதுன்னா, எடம் எடுக்கற வரிசை ஒரு பக்கம், ஆடற வரிசை அதுக்குத் தலைகீழ. மொதல்ல எடம் எடுத்தவரு கடைசில ஆடோணும்.

கீழ்பவானி வாய்க்கா ஆயக்கட்டுக்காரங்களுக்கு இது புதுசில்ல, ரண்டு லட்சத்துச் சொச்சம் ஏக்கரு, ஒத்தப்படை மதகு ரெட்டைப்படை மதகுன்னு பாதி பாதியா பிரிச்சு மாத்தி மாத்தி தான தண்ணி உடறாங்க. எந்நேரமும் ஒரே பக்கம் மொதல்ல வாங்குனா ஊருல வெட்டுக் குத்து ஆயிரும்.

புகார் 4: "அவரு கை வேகம், எனக்கு ஃபோன் தொங்குது"

எல்லாரும் ஒரே நேரத்துல ஆடற ஆட்டத்துல, டர்ன் முடியற கடைசி நொடில ஒருக்கா நகத்தீட்டு புது டர்ன் ஆரம்பிச்ச மொத நொடில மறுபடி நகத்துனா எதிராளிக்கு ஒரே மூச்சுல ரண்டு அடி. எடத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா புகார் எடத்து மேல தான் வரும். ஃப்ரீசிவ்ல யூனிட் வெயிட் டைம்னு ஒண்ணு இருக்குது, செகண்டுல போடலாம், டர்ன் மாறுன பொறகு அத்தன நேரம் அதே ஆளு நகராது. சிவ் 5-ல ஹைப்ரிட் டர்ன் போட்டா சண்ட வந்த ரண்டு பேருக்கு மட்டும் மொற வெச்சு ஆட உடும். எதுவும் இல்லாத கேம்ல சண்டைல இருக்கறவங்க மாத்தி மாத்தித் தான் நகத்தோணும்னு வாய்ப்பேச்சு தான். நெட்டு தொங்கறது நெட்டு கம்பெனிக்காரன் சமாச்சாரம், மேப்புல மருந்து கெடையாது.

புகார் 5: "பாழடஞ்ச கோயிலெல்லாம் அவனுக்கே"

மொதல்ல போயி தொட்டவனுக்கு ஓசிச் சரக்கு குடுக்கற எடம் அது, அணைச்சுருங்க. அன்சிவ்ல நோ ஏன்ஷியன்ட் ரூயின்ஸ், சிவ் 6-ல நோ ட்ரைபல் வில்லேஜஸ், ஃப்ரீசிவ்ல ஹட்ஸ சைபர் ஆக்கீருங்க. ஒருத்தனுக்கு மொத அஞ்சு டர்ன்ல ஓசில ஒரு வித்தை கெடச்சா மத்த எல்லா சமமும் தண்டம். அணைச்சா ஆட்டம் சப்புன்னு இருக்குதும்பாங்க, அப்ப புகாரும் சொல்லக் கூடாது.

புகார் 6: "அந்த நாட்ட எடுத்தா அவனத் தோக்கடிக்கவே முடியாது"

எடமா நாடான்னு பிரிக்கறது தான் இங்க வேல. அதே எடத்துல வேற நாட்ட வெச்சு ஒரு ஆட்டம், அதே நாட்ட வேற எடத்துல வெச்சு ஒரு ஆட்டம். ரண்டு ஞாயிறு போகும்.

சிவ்ல ஸ்டார்ட் பயஸ்னு ஒண்ணு இருக்குது, கடல் நாட்டுக்காரன கடலோரத்துல, பாலைவன நாட்டுக்காரன பாலைவனத்துல எறக்கும். பாலைவனத்துக்கு சலுகை இருக்கற நாட்டுக்காரனுக்கு அது வரம், ஆனா மேப்பு சின்னதா இருந்து அவனுக்குன்னு பாலைவனத்த ஒதுக்குனா பக்கத்துல எறங்குன சாதா ஆளும் மணல்ல சிக்குவான். அன்சிவ்ல ஸ்டார்ட் பயஸ அணைக்கலாம், அணைச்சு ஒருக்கா ஆடிப் பாருங்க. சிவ் 5 விதில ஸ்பெயின் எடுத்தா இயற்கை அதிசயத்த மொதல்ல கண்டுபுடிச்சதுக்கு 500 தங்கம், பக்கத்துலயே ஒண்ணு இருந்துச்சுன்னா டர்ன் பத்துல செட்டிலர காசு குடுத்தே வாங்கீருவாரு. அது எடமும் நாடும் ஒட்டுக்கா சேந்த கோளாறு, ஸ்பெயின தடை பண்றது தான் சுருக்கு வழி.

வெஸ்னாத்ல ஒண்ணு ரொம்ப நாளா எனக்குப் புரியாமயே இருந்துச்சு. ஒரு மேப்புல ஓர்க்குங்கற அரக்கக் கூட்டத்த எடுத்தவங்களே மொத சண்டைய ஜெயிச்சாங்க, எந்தப் பக்கம் ஒக்காந்தாலும். அங்க ஆறு டர்னுக்கு ஒரு நாளு, டர்ன் 1 விடியக்காலம், 2 காலை, 3 மத்தியானம், 4 பொழுது சாயறது, 5-ம் 6-ம் ராத்திரி. பகல்ல சட்டக்காரப் படைக்கு (லாஃபுல்னு கேமுல பேரு) 25 சதம் பலம் ஏறும், ராத்திரில எறங்கும், ஓர்க்குக்கு அப்படியே தலைகீழ. அந்த மேப்புல ரண்டு கோட்டைக்கும் நடுவுல தூரம் எப்படின்னா படைக சரியா டர்ன் 5-ல தான் முட்டிக்கும். ராத்திரி! எடத்துல ஒரு கோளாறும் இல்ல, தூரம் தான் ஓர்க்குக்கு ராத்திரிய பாத்துக் குடுத்துச்சு. ஆட்டம் ஆரம்பிக்கறப்ப ரேண்டம் ஸ்டார்ட் டைம் போட்டோம், அத்தோட நின்னுச்சு. மேப்ப மாத்துறதுக்குன்னு நான் மூணு நாளு எடிட்டர்ல ஒக்காந்தது தான் மிச்சம்.

புகார் 7: எடம் மாத்தியாச்சு, நாடு மாத்தியாச்சு, அதே ஆளு தான் ஜெயிக்கறாரு

மேப்புல ஒண்ணுமில்லீங்க. அவரு நல்லா ஆடறாரு. இத யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அதனால மொதல் டர்ன் சேவ் ஃபைல எடுத்து தோத்தவரோட எடத்த ஜெயிச்சவருகிட்ட குடுத்து டர்ன் 20 வரைக்கும் ஆடிக் காட்டச் சொல்லுங்க. எத்தன ஊரு, எத்தன ஆளு, எத்தன வித்தைன்னு பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சாப் போதும், வேற பேச்சு வேண்டாம். அதுக்குப் பொறகும் சமமா ஆட வேணும்னா நல்லா ஆடறவருக்கு மேப்புலயே மோசமான எடத்தக் குடுத்துருங்க, இப்ப எங்க செட்டுல பனிக்காடு பெருந்துறைத் தம்பிக்குன்னே எழுதியாச்சு.

எப்ப நாம கைய எடுத்துக்கோணும்

ஒரே செட்டிங்குல அஞ்சாறு மேப்பு போட்டும் யாராச்சும் ஒருத்தரு கடலு நடுவுல ஒத்தத் தீவுல எறங்கறாரு, இல்ல பேலன்ஸ்டுன்னு போட்டும் தண்ணியே இல்லாம எறக்குதுன்னா அது கேமோட பிழை. எடிட்டர்ல ஒட்டுப் போட்டுட்டு இருக்காதீங்க, செஞ்சவங்களுக்கு எழுதுங்க. அன்சிவ், ஃப்ரீசிவ், வெஸ்னாத் மூணும் தொறந்த மூலநிரல் தான், பிழை சொல்றதுக்கு எடம் வெச்சிருக்காங்க. கூடவே கேம் வெர்ஷன், சீட் நம்பர், செட்டிங் ஸ்க்ரீன்ஷாட், மொதல் டர்ன் சேவ் ஃபைல், எத்தன பேரு ஆடுனீங்க, இத்தனையும் வெக்கோணும்.

பிழை இல்ல ஆனா எட்டு பத்து பேரு போட்டி நடத்தோணும், பரிசெல்லாம் இருக்குதுன்னா நீங்களா மேப்பு வரையாதீங்க. கம்ப்யூட்டர்ல சிவ் 6 ஆடறவங்களுக்கு ஆரம்ப எடத்த சரி பண்றதுக்குன்னே மோடு (கேமோட சேத்துக்கற ஒட்டு) செஞ்சு வெச்சிருக்காங்க, போட்டி ஆடறவங்க அதத் தான் போடறாங்க. வெஸ்னாத்ல ரண்டு பேரு மேப்பு கேமோடவே வருது, வருசக் கணக்கா அடிச்சு நெரவி வெச்சது. அதுல ஒண்ண எடுத்து ஆடுனீங்கன்னா வசவு உங்களுக்கு வராது, மேப்பு செஞ்சவருக்குத் தான் போகும்.